எதிர் விளிம்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்றைக் கையில் வாங்கினால் அதைப் பார்க்கத் தெரியவில்லை. கொடுத்ததை மடியில் போட்டுக்கொண்டு போகிறார்கள். பிறகு முச்சந்தியில் நின்று ஏமாந்தேன் என்று அழுகிறார்கள். யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாதாம். சந்தேகப்படாமல் எப்படிக் கடை நடத்துவது? தங்கராஜு கிராணி, விசாரிக்கிற துரைக்கு என் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. அதுவும் ஒரு கஷ்டம்தான்.

என் பெயர் நெய்னா முகமது. பொந்தியான் படகுத்துறையில் கொப்பரை வாங்கிச் சிங்கப்பூருக்கு ஏற்றுகிறேன். காசும் மாற்றிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. வெள்ளிக் காசை விரலிடுக்கில் வைத்துச் சுற்றி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவேன். கண்ணை மூடிக்கொள்வேன், கண் பளபளப்பில் மயங்கும், விரல் மயங்காது. நெய்னா தடவிய வெள்ளி என்றால் சீனனும் பார்க்காமல் வாங்குவான், மலாய்க்காரனும் வாங்குவான். அந்தப் பேர் போய்விட்டால் துறைமுகத்தில் நான் நாய்க்குச் சமம்.

சுப்ஹான் என் மகள் சுலைஹாவைக் கட்டியவன். கடையில் என்னோடு இருந்தான். நல்ல பேச்சுக்காரன், எல்லோரையும் சிரிக்க வைப்பான்.

பெரிய சண்டை முடிந்தபின் வந்த புது அரை வெள்ளி ஒன்று ஒருநாள் என் விரலில் தட்டியது. விளிம்பில் பிறை அளவுக்கு ஒரு துண்டு இல்லை. வெள்ளியை அரத்தால் ராவி எடுத்து உருக்கி விற்கிற திருட்டு எனக்குத் தெரியாததல்ல. காசுப் பையைத் தொடுகிறவர்கள் நானும் சுப்ஹானும் மட்டும். நான் ராவவில்லை.

கேட்டேன். அவன் பயப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"அலமாக்! இது ராவினது இல்ல லா, மாமா. ராவியிருந்தா அரம் கீறின கோடு இருக்கும், எழுத்து பட்டுனு அறுந்து நிக்கும். இங்க பாருங்க, எழுத்து இழுபட்டு மெலிஞ்சு போவுது. தகட்ட வட்டமா வெட்டறப்ப, முன்ன வெட்டின ஓட்டை மேல ஏறி வெட்டிருச்சு மிஷினு. குறையோட பொறந்த காசு. நேர் எதிர்ப்பக்கத்தத் தடவுங்க. அங்க விளிம்பே எழும்பியிருக்காது."

"ராஜா மிஷினுடா அது. தப்பு பண்ணுமா?"

"ராஜா மிஷினும் மிஷினுதானே? உங்க கட்டவெரலு என்ன கோர்ட்டு ஜட்ஜா, மாமா?"

கடையில் நின்ற படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

எதிர்ப்பக்கத்தை நான் தடவவில்லை. தேவைப்படவில்லை. ராவினால் எழுத்து எப்படி அறும், கோடு எப்படி விழும் என்று இத்தனை விவரம் தெரிந்தவன், அதைச் செய்யாமலா தெரிந்துகொண்டான்?

மறுநாள் மத்தியானம் அவன் வலது கை தராசுப் பலகையில் இருந்தது. பெரிய எடைக்கல்லைத் தூக்கி விரல்கள் மேல் போட்டேன். முதல் தரம் எல்லா விரலும் அகப்படவில்லை. அதனால் இன்னொரு தரம் போட்டேன். கோபத்தில் செய்ததல்ல. கோபக்காரன் கல்லைத் துடைத்து அதன் இடத்தில் வைப்பானா? கல் தவறி விழுந்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன். அவனும் அதையே சொன்னான். தப்பில்லாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு மனசு நிம்மதியாயிற்று.

அந்தக் கை சுருண்டு போயிற்று. சுலைஹாதான் சோறு ஊட்டினாள். அப்போதும் அவன் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பையின் அரக்கு முத்திரையை நானே உடைத்துத் தடவினேன். அதே பிறை, அதே அளவு.

கை போனவன் எப்படி ராவுவான் என்று துரை கேட்கிறார். இடது கை இருந்ததே. சோறு எடுத்து உண்ணாத கை அரம் பிடிக்காது என்று எழுதியா வைத்திருக்கிறது?

கொப்பரைச் சூளைக்குப் பின்னால் கூப்பிட்டேன். வந்தான். தேங்காய் மட்டை உரிக்கிற இரும்புக் கம்பி அங்கே மண்ணில் நட்டபடி நிற்கும்.

"ஒத்துக்கடா. கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிடறேன்."

"செய்யாதத எப்படி ஒத்துக்குவேன், மாமா? கைய ஒடச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். அவ மனசு ஒடையக் கூடாதுன்னு வாயத் தொறக்கல. இந்த எதிர்ப்பக்கத்த மட்டும் ஒரு தரம் தொட்டுப் பாருங்க." இடது கையால் அந்த அரை வெள்ளியை நீட்டினான்.

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். கம்பி முதுகில் ஏறியது. உடனே சாகவில்லை. மட்டை உரிக்கும்போது அழுத்துவதைப்போல் இரண்டு தோளையும் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. "மாமா" என்றுதான் சொன்னான். அவன் கையிலிருந்து விழுந்த காசைக் கழுவிப் பையில் போட்டேன். சுப்ஹானைக் கொன்றது நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

துரை நேற்று என் கண் முன்னால் முத்திரை போட்ட புதுப் பை ஒன்றைப் பிரித்தார். அதிலும் கடிபட்ட அரை வெள்ளி இருந்தது. சுப்ஹான் மண்ணுக்குள் போனபின் சிங்கப்பூர் பேங்கிலிருந்து வந்த பை என்கிறார். இருக்கட்டும். அரக்கை உருக்கி மறுபடி ஒட்டத் தெரியாதவன் யார்? இதோ காசை என் முன்னால் நீட்டுகிறார். எதிர்ப்பக்கம் வழவழவென்று இருக்கிறதாம், தடவிப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம். தடவ வேண்டிய இடத்தை நான் தடவியாயிற்று.

போதும். எழுந்துவிட்டேன். போலீஸ்காரன் விலங்கைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

வாசலில் சுலைஹா நிற்கிறாள். "அத்தா, என் முகத்தப் பாத்துட்டுப் போங்க" என்கிறாள். நான் பார்க்காமல் நடக்கிறேன்.

கிராணி, இதை மட்டும் துரையிடம் சொல்லிவிடுங்கள். அவன் செத்த பிறகும் கடிபட்ட வெள்ளி வருகிறதென்றால், வீட்டில் இன்னொரு கை இருக்கிறது. அவள் முந்தானையில் என்ன முடிந்து வைத்திருக்கிறாள் என்று அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.