செவ்வாய்க்கிழமை எடுத்த அளவு

மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. கோரமண்டலிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்கு சைக்கிளில் இருபது நிமிடம். நான் முப்பது என்று வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு ரத்தினம்மா என்னை அவசரக்காரன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல, இன்ஸ்பெக்டர் சார். என் டைரியைப் பார்த்தால் தெரியும்.

வகுப்பில் டக்ளஸ் சார் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறார். கம்ப்யூட்டரின் மூளைதான் செயலி. பழைய செயலி ஒரு கட்டளையை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். புதியது ஒரே சமயத்தில் பல கட்டளைகளை எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டளை ஏதோ விவரத்துக்காகக் காத்து நின்றால், அதை ஓரமாக விட்டுவிட்டு மற்றவற்றை நடத்தும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாத இடத்தில்கூட நிற்காது. ஊகித்து ஒரு பக்கம் போய்விடும். ஊகம் சரியென்றால் அத்தனை நேரமும் மிச்சம்.

"செய்றது முன்ன பின்ன இருக்கலாம்பா. பதிவு பண்றப்போ மட்டும் வரிசை மாறக் கூடாது" என்றார். அடிக்கோடிட்டு வைத்தேன்.

என் அப்பா ஆபிரகாம் அதற்கு நேர்மாறானவர். தங்க மைன்ஸ் மூடும்வரை, சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டின் இஞ்சினை மேலிருந்து ஓட்டியவர். கீழிருந்து மணி வராமல் கைப்பிடியைத் தொடமாட்டார். ஒன்று அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான். "மேல இருக்கறவன் அவசரப்பட்டா கீழ இருக்கறவன் செத்தான்டா" என்பார். அதற்கு முன் எட்டு வருடம் கீழே வேலை செய்தபோது சேர்ந்த கல்தூசி இப்போது அவர் நுரையீரலில் இருந்தது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. பேச மூச்சில்லாதபோது ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவார். மூன்று தட்டினால் தூக்கி உட்கார வைக்க வேண்டும்.

"இந்த வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்" என்றார் டாக்டர். எனக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்; தேதியை மாற்ற மாட்டார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

நான் இந்த வாரம் என்று ஊகித்தேன்.

ஞாயிறன்று வேலையை ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பினேன். திங்களன்று வீட்டுக்காரரிடம் வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னேன். செவ்வாயன்று சவப்பெட்டி செய்யும் டென்சிலை அழைத்துவந்தேன். அவன் நாடாவைப் பிடித்தபோது அப்பா கண் திறந்துவிட்டார்.

"இன்னாடா டென்சிலு, அலமாரி செய்றியா?"

"ஆமா மாமா. உங்க ஒசரத்துக்கு."

"மெதுவா செய். எமனுக்கு நான் இன்னும் மணி அடிக்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வாசலில் டென்சில் என் தோளைத் தட்டி, "மூச்சு உட்ற ஆளுக்கு அளவு எடுக்கறது எனக்கு இதான் மொத தபா" என்றான்.

வெள்ளியன்று அப்பா தானாகவே எழுந்து உட்கார்ந்தார். ஆட்டுக்கால் சூப் கேட்டுக் குடித்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி இரண்டு மாதத்துக்குப் பயமில்லை என்றார். அன்று மாலையும் வகுப்புக்குப் போனேன். திரும்பும்போது வழியெல்லாம் என்னையே சந்தேகித்துக்கொண்டு வந்தேன். என் ஊகம் தவறா, அல்லது விடைதான் இன்னும் வந்து சேரவில்லையா?

சனிக்கிழமை பத்து முதல் நான்குவரை கரண்ட் இருக்காது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். பத்துக்கு மெஷின் நின்றது. மாற்று சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் திறக்கும் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்து வகுப்புக் குறிப்புகளைச் சுத்தப் பிரதி எடுத்தேன்.

பத்து இருபதுக்கு மூன்று தட்டினார். பத்து இருபத்தைந்துக்கு மறுபடி மூன்று.

ரத்தினம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். "இன்னா ஃப்ரெடி, கரண்டு பூட்ச்சே. பெரியவரு எப்படிக்கீறாரு?"

"தூங்கறாருக்கா."

"இன்னாமோ சத்தம் கேக்குதே."

"பாத்திரம் கழுவறேன்."

"சமத்துடா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரே ஒரு தட்டு. அதற்குப் பிறகு இல்லை. அவர் என்னை நிறுத்தச் சொன்னாரா, தன்னையா என்று பலமுறை யோசித்துவிட்டேன். இன்னும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

டைரியில் வரிசை மாறாமல் பதிந்தேன். முதலில் மரணம், அடுத்து டென்சில், அடுத்து வீட்டுக்காரர், கடைசியில் ஹைதராபாத். அளவையும் அதை எடுத்த கிழமையையும் பெட்டி மூடியின் உட்புறம் சாக்குக்கட்டியால் எழுதிவைப்பது டென்சிலின் வழக்கம். அது எனக்குத் தெரியாது. வெள்ளைத் துணி விரிக்கும்போது ரத்தினம்மா சத்தமாகவே படித்தார். ஐந்தடி ஆறங்குலம், செவ்வாய்.

மற்றபடி நான் குழப்பத்தில் எதையும் செய்யவில்லை. வெள்ளியன்று மாலை வகுப்பில் தேர்வு இருந்தது. நான்காவது கேள்வி, ஊகம் தவறினால் செயலி என்ன செய்யும் என்பது. செய்தது எவ்வளவாக இருந்தாலும் அத்தனையையும் அழித்துவிட்டு, பாதை பிரிந்த இடத்துக்கே திரும்பி வரும் என்று எழுதினேன். டக்ளஸ் சார் முழு மதிப்பெண் போட்டிருக்கிறார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், சார். பாடத்தை நான் எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது உங்களுக்கே தெரியும்.