கயிற்றின் மறுமுனை

— வளைவு வருது! இடது... இடது... இன்னும் இடது... நேர்! அடிச்சு ஓடு, எண்பது மீட்டர்தான்!

— கையில கட்டின கயித்தை இழுக்காதீங்க அண்ணி! கூட ஓடற கைடு இழுத்தா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவாங்க. எனக்குக் கண்ணுதான் தெரியாது, நான் ஒண்ணும் பட்டம் இல்ல.

— வாயை மூடிட்டு ஓடுடி! முப்பது... பத்து... கோடு! நில்லு. அம்மாடி... நான் உட்கார்றேன்.

— எத்தனை?

— நானூறு மீட்டர், ஒரு நிமிஷம் நாற்பத்தஞ்சு செகண்ட். ஒன்பது முடிஞ்சுது. ரெண்டு நிமிஷம் நடந்துட்டு பத்தாவது.

— பத்தாவது வேணாம்.

— கால் வலிக்குதா?

— அலுத்துப்போச்சு. ஆறு வாரமா இதேதான். பறக்கணும், நிக்கணும். பறக்கணும், நிக்கணும். ஞாயித்துக்கிழமை தகுதி ஓட்டத்துல நடுவுல நின்னு மூச்சு வாங்க விடுவாங்களா? பன்னிரண்டரை சுத்து. அஞ்சாயிரம் மீட்டரை இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிக்கலைன்னா அடுத்த வருஷம்தான். இன்னிக்கு டெம்போ ஓடலாம். ஒரே வேகம், நிக்காம இருபது நிமிஷம்.

— இப்படி விட்டு விட்டு இன்டர்வெல் ஓடினாத்தான் வேகம் வரும்னு கோச்சே சொன்னாரே!

— வேகம் வர இன்டர்வெல், வந்த வேகம் நழுவாம இருக்க டெம்போன்னு சொன்னார். நீங்க பாதியிலயே எழுந்து வந்துட்டீங்க.

— ஆமா தாயே. நாள் பூரா நின்னுக்கிட்டு ஆஸ்பத்திரி பெட்ஷீட்டைத் தேய்க்கிறவளுக்குப் பாதிதான் காதுல விழும். இன்னிக்கு முந்நூத்திப் பத்து. கேளு, முட்டியே சத்தம் போடுது.

— லைன்லயே இருங்க அண்ணி, ஒண்ணு கேக்கணும். கடைசியா டெம்போ ஓடினோமே, ஒவ்வொரு சுத்துக்கும் என்ன நேரம் சொன்னீங்க?

— ரெண்டு நிமிஷம். சரியா ரெண்டு நிமிஷம்.

— ஆறாவது சுத்துக்கு அப்புறம் எல்லாமே ரெண்டு நிமிஷம் எட்டு செகண்ட்.

— வாட்ச் என் கையில இருக்கு. உன் கையில இல்ல.

— பதினோரு வருஷமா டெலிபோன் போர்டுல உட்கார்ந்திருக்கேன். ஆறு பேரைக் காத்திருக்கச் சொன்னா, யார் எத்தனை செகண்டா காத்திருக்காங்கன்னு மண்டைக்குள்ள தனித்தனியா ஓடும். என்கிட்ட போய் நேரத்துல பொய் சொல்லலாமா? அண்ணி, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். எங்க போறது, எழுந்திரிக்கவே தெம்பில்ல. ஆறு சுத்துக்கு மேல இடுப்புக்குக் கீழ ஒண்ணும் என் பேச்சைக் கேக்கலைடி. கயிறு இறுகுறது எனக்கும் தெரியுது. நீ எனக்காகக் குறைச்சுக்கிட்டு ஓடறே. அதான் நானூறு நானூறா வெட்டினேன். நடுவுல நடக்கலாமே, உனக்குத் தெரியாதேன்னு.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?

— சொன்னா வேற கைடு வருவா. இந்த ஒரு மணி நேரம்தான்டி நான் எதையும் தேய்க்காம, யாருக்கும் பதில் சொல்லாம இருக்கேன். வீட்டுல ஒருத்தர் இருக்காரே, உன் அண்ணன்...

— அவருக்கு என்ன?

— நீ ஹாஸ்டல்ல இருக்கே, உனக்கென்ன தெரியும்! நாலு மாசமா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடறார். குடோன்ல லோடு இறங்குதாம். ஏழு மணிக்கு வந்ததும் சட்டையைத் தானே துவைச்சுக் காயப்போடறார். கல்யாணமாகி பதினாலு வருஷத்துல ஒரு கர்சீஃப் துவைச்சதில்ல அந்த மனுஷன்! தொப்பை வேற கரைஞ்சுபோச்சு. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை. ஏன்னு கேட்டா சிரிக்கிறார்.

— அண்ணனா? மாடி ஏறினாலே வழியில உட்கார்ற ஆளு!

— அதெல்லாம் அந்தக் காலம். இப்போ விசிலடிச்சுக்கிட்டு ஏறறார். ஒரு ஆம்பளை திடீர்னு எதுக்கு உடம்பைக் குறைப்பான்னு எனக்குத் தெரியாதா? நீ ஏன் சிரிக்கிறே?

— சிரிக்கல. இருமல்.

— விடு. சண்டை போடக்கூடத் தெம்பில்ல. ஞாயித்துக்கிழமை வேற யாரையாவது போட்டுக்கோ. நான் ஓரமா நின்னு கை தட்டறேன். கையைக் கொடு, முடிச்சை அவிழ்க்கறேன்.

— அவிழ்க்காதீங்க. இன்னிக்கு ஓடின ஒன்பதும் ஒண்ணு நாற்பத்தஞ்சுதானே?

— அது சத்தியமா நிஜம்டி!

— தெரியும், எண்ணிக்கிட்டேதான் ஓடினேன். எனக்குக் கடைசியில அந்த வேகம்தான் வேணும். அஞ்சாயிரம் மீட்டருக்கு ரெண்டு கைடு வெச்சுக்கலாம்னு விதி இருக்கு. நடுவுல ஒரு தடவை கயிறு கை மாறலாம். கடைசி அஞ்சு சுத்து உங்களோட. படிவம் திங்கக்கிழமையே கொடுத்தாச்சு.

— அப்போ முதல் ஏழரை சுத்து?

— வேற ஆள். ஹாஸ்டல் பின்னாடி ரோட்டுல தினம் அஞ்சு மணிக்கு டெம்போ ஓடறோம். ஆரம்பத்துல ரெண்டாவது நிமிஷமே உட்கார்ந்த ஆளு. இப்போ இருபது நிமிஷம் நிக்காம வர்றார்.

— எனக்குத் தெரியாமயா? அவ்வளவு நம்பிக்கை இல்லாமப் போயிடுச்சா என் மேல?

— நம்பிக்கை இல்லாம இல்ல அண்ணி. தூக்கத்துல உங்க கால் வீங்கிக் கிடக்கறதைப் பார்த்து, 'இவளால முழுசும் முடியாது, நிறுத்தச் சொன்னா அழுவா, பாதியை நான் ஓடறேன்'னு அவரா வந்து கேட்டார். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற.

— தூக்கத்துலயா? நான் தூங்கும்போது என் காலை எவன்டி பார்த்தான்?

— சட்டையைத் தானே துவைச்சுக் காயப்போடறாரே, அவர்தான்.