கொட்டாத தண்ணீர்

— மூச்சை அடக்குங்க அத்தான். லென்ஸ்ல ஆவி படியுது.

— எப்படி அடக்கறது வாலு... ஐயோ, கூட்டுப்புழுவோட முதுகு பிளக்குது!

— பிளக்கட்டும். பாருங்க.

— தலை வருது... காலை உருவுது. ஒவ்வொண்ணா, அவசரமே இல்லாம. கால்ல வெள்ளி வளையம் வளையமா... அட, தண்ணி மேலயே நிக்குது!

— கழட்டிப் போட்ட தோல் மேல நிக்குது. அதுதான் தோணி. ரெக்கை காயற வரைக்கும் அசையாது.

— கொசுன்னா எனக்கு அடிக்கத்தான் தெரியும். இது என்னடான்னா...

— அழகுன்னு சொல்லிடுங்க. பத்திரிகைக்காரர் வாயில நல்ல வார்த்தை வந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— சரி தாயே, அழகு. இதுதானா அந்தக் காய்ச்சல் கொசு?

— அதேதான். இத்தனை நாள் சமவெளியில மட்டும் கிடந்தது. இந்த மலையில எங்க கைக்குச் சிக்கினதுல இதுதான் முதல். எங்க பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் புழுவைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டார்.

— குளிர்ல முட்டையே பொரியாதும்பீங்களே?

— அந்தக் குளிர் எங்க இருக்கு? போன கோடையில நானே ஃபேன் வாங்கினேன். இந்த ஊர்ல ஃபேன்!

— அப்ப காய்ச்சல்ல கிடக்கற மேல்தெருக் குழந்தைங்க...

— ரெண்டும் மலையை விட்டு இறங்கினதே இல்ல. இங்கயேதான் கடிச்சிருக்கு. சின்னதுக்கு ஈறுல ரத்தம் கசியுதாம்... சொல்லுங்க, நீங்க அன்னைக்குப் பாட்டில்ல கொண்டாந்த தண்ணி யார் வீட்டுது?

— செய்தி கொடுத்தவங்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது.

— கொசுவுக்கு அந்த தர்மமெல்லாம் தெரியாது அத்தான்.

— ...மேல்தெருவுலதான். ஒரு வீடு.

— எதுல இருந்துச்சு?

— கண்ணாடி ஜாடி. ஜன்னல்ல. செடி வெச்சது.

— வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டுங்கன்னு உங்க பேப்பர்ல படம் போட்டு எழுதினீங்களே. அந்த வீட்டுக்காரர் படிக்கலையோ?

— படிச்சான்.

— படிச்சுமா?

— குறையக் குறைய ஊத்துவான். கொட்ட மாட்டான்.

— ஏனாம்?

— முதல்ல ஊத்தினது வேற ஆள்.

— ம்...

— செடியைச் சொருகிட்டு, 'வேர் விட்டதும் தொட்டிக்கு மாத்திடலாம்'னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. அவ்வளவுதான்... ஏன் வாலு, அப்ப ஊத்தினதுல கொஞ்சமாவது அதுல மிஞ்சியிருக்கும்ல? நீ படிச்சவ, சொல்லு.

— இருக்கும் அத்தான். ஒரு துளியாவது இருக்கும்.

— அப்ப இது... இப்ப நிக்குதே, இது அந்தத் தண்ணியில வந்த உயிர்.

— ஆமா.

— எவ்வளவு சின்னது. மூச்சு பட்டாக்கூட ஆடுது... இதுவா ஒரு குழந்தையைப் படுக்க வெச்சுது?

— இதோட அக்கா தங்கச்சிங்க. இது ஆண், கடிக்காது. அந்த மீசையைப் பாருங்க, இறகு மாதிரி... அத்தான், அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. கொட்டித்தான் ஆகணும்னு.

— கொண்டாந்துட்டான்.

— எதை?

— ஜாடியை. அந்தப் பையில இருக்கு, வாயில துணி கட்டி. ஒரு சொட்டு விடல. வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போனேன்... கொட்டக் கை வரல. நீ கொட்டிடு.

— கொட்டறேன். செடிக்கு மண்ணு எடுத்து வெச்சிருக்கேன்.

— எழுதிடறேன் வாலு. எந்த வீடுன்னும் சேர்த்தே எழுதறேன். இப்பவே மருந்தடிக்கிற ஆளுங்களுக்குச் சொல்லு.

— காலையில நீங்க கிளம்பினதுலேருந்து அவங்க உங்க வீட்டுலதான் இருக்காங்க.

— என் வீட்டுலயா?

— ஒரு சாவி என்கிட்ட இருக்கே. நீங்க கொடுத்த பாட்டில்ல ஒரு இலை கிடந்துது, அடிப்பக்கம் ஊதா. அந்தச் செடியை என் தொட்டியிலேருந்து அக்காவுக்கு ஒடிச்சுக் கொடுத்ததே நான்தான்.

— அடிப்பாவி... எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போலீஸ்காரி மாதிரி இத்தனை கேள்வி கேட்ட?

— அக்கா போனதுலேருந்து நீங்க அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசல அத்தான். இன்னைக்காவது பேசுவீங்களான்னு பார்த்தேன்.