கரும்புகை விட்ட கார்

கறம்பக்குடி பஸ்சில் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுடைய பழைய டீசல் கார் புகைச் சோதனையில் தேறாமல் மெக்கானிக்கிடம் நிற்கிறதாம்.

“ஒன் தம்பி போன வாரம் எடுத்துட்டுப் போனான்ல? நல்ல பார்ட்ஸக் கழட்டி வித்துப்புட்டான். அவன் மக காதுகுத்துக்கு நான் வரமாட்டேன்.”

“அவனுக்கு டயர் கழட்டவே தெரியாதுங்க.”

மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, ஏர் ஃபில்டர் பூராம் கொள்ளுத் தூசி. காத்து போகாமத்தான் கரும்புகை.”

போனை வைத்ததும் மனைவி கேட்டார்.

“கொள்ளு உதிரட்டும்னு ரோட்டுல செடியப் பரப்பி, அதுமேல கார முன்னையும் பின்னையும் ஓட்டுனது யாரு? என் தம்பியா?”

கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்.

“காதுகுத்துக்குப் போவோம். நான் சந்தேகப்பட்டத அவன்கிட்ட சொல்லிப்புடாத.”

“நீங்கதான் காலையிலயே போன் போட்டுத் திருடன்னு சொல்லிட்டீங்களே.”