பாதியில் நின்ற லிஃப்ட்

லிஃப்ட் பராமரிப்பில் இருப்பவனுக்குக் கதை யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும், ஐயா. பாதி வேலை காத்திருப்பதுதான். நானும் என் மைத்துனனும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தோம். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான். எழுதிப் பாரேன் என்று சொன்னவனும் நான்தான்.

அவன் மளமளவென்று எழுதுவான். எனக்கு ஒரே கதைதான். மருத்துவமனையின் மேல்மாடியில் அப்பா இறந்துகொண்டிருந்தபோது, நான் பழுதுபார்த்த லிஃப்ட்டே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான். கடைசிவரை என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நர்ஸ் சொன்னார். பல வருடமாக முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒருநாள் மோட்டார் அறையில் டீ குடிக்கும்போது மைத்துனனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவன் கண் கலங்கினான். நம்பினேன்.

பிறகு அவன் நாவல் வந்தது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்க, தன் லிஃப்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, “நான் சீனியர் இன்ஜினியர், திறங்கடா” என்று கதவைக் குத்தும் ஒரு தொப்பைக்காரர். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியும்தான்.

“உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்,” என்றாள்.

“அது எங்கப்பா செத்த நாள்.”

“தெரியும். உங்களைத்தானே கிண்டல் பண்ணியிருக்கான், மாமாவை ஒண்ணும் சொல்லலையே.”

அவனையே வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். தோளில் கை போட்டான்.

“அத்தான், நீங்க அதை எழுதவே போறதில்ல. நல்ல கதை, சும்மா கிடந்து வீணாப் போகுமேன்னுதான்.”

நான் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. லிஃப்ட் எல்லை மீறி இறங்கினால் தாங்கிக்கொள்ள, அடியில் உள்ள குழியில் பெரிய ஸ்பிரிங்குகள் இருக்கும். அவற்றை மாற்ற அவன் குழிக்குள் இறங்கினான். முதல் வேலையாக அங்கிருக்கும் நிறுத்தும் சுவிட்சை அமுக்கினான். நான் பழக்கிவிட்ட ஒழுங்கு. அமுக்கினாலும் லிஃப்ட் நிற்காதபடி அந்தச் சுவிட்சின் வயரை நான் காலையிலேயே மாற்றி வைத்திருந்தேன். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டதாக அவன் போனில் சொல்லும்வரை மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இறக்கும் பொத்தானை அழுத்தினேன். விரல் அதன்மேல் இருக்கும்வரைதான் லிஃப்ட் நகரும். மெதுவாகத்தான் இறங்கும்.

“அத்தான், லிஃப்ட் வருது. நிறுத்துங்க.”

அப்புறம், “அத்தான், நான் உள்ள இருக்கேன்.”

அப்புறம், “அக்கா.”

போன் இணைப்பு அறுபடவில்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டது. மோட்டார் திணறி நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் செய்ததாக உங்கள் ஆள் என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள், ஐயா. எனக்குக் கோபம் இருந்திருந்தால், அவன் அக்கா என்றதுமே அது தணிந்திருக்கும்.