உள்ளிருந்து திறக்க முடியாத கவசம்

பெயர்: சுஷ்மிதா, தந்தை பெயர் துரைசாமி (காலமாகிவிட்டார்). வயது: 17. தொழில்: ஃபைபர்கிளாஸ் பட்டறையில் உதவியாளர். முகவரி: சிங்கப்பூர், ஆங் மோ கியோ, என் மாமா அழகேசனின் வீடு. இடம்: மருத்துவமனை. நாள்: 4 டிசம்பர் 2024, காலை 10.20. நான் தமிழில் சொல்ல, காவல்துறை சார்ஜண்ட் நிவேதிதா எழுதிக்கொண்டார்.

சென்ற மாதம் 24ஆம் தேதி மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலத்தில், கவசத்தின் பின்பக்கத்தை நானே ஒட்டிக்கொண்டதாகச் சொன்னேன். அது பொய். ஒட்டியவர் என் மாமா. அப்படிச் சொல்லச் சொன்னவர் என் அம்மா தங்கம். இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் பதின்மூன்று வயதான என் தங்கை சிவானியும் மாமா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். நான் உயர்நிலை மூன்றில் படிப்பை நிறுத்திவிட்டு, துவாஸில் உள்ள மாமாவின் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே தீபாவளி அலங்காரத்துக்கு யானை, மயில் செய்வோம். முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்வதால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பரில் ரித்திக் என்பவர் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் பேரங்காடியில் கணினி விளையாட்டுக் கண்காட்சி நடத்துவதாகவும், அதற்கு விண்வெளி வீரனின் கவசம் வேண்டுமென்றும் கேட்டு வந்தார். போடப்போகிறவரின் அளவை அவர் தரவில்லை. மாமா என்னை நிற்கவைத்து, உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார். "ஆள் எப்படி இருந்தாலும் வார் வச்சு சரி பண்ணிக்கலாம்" என்றார். அதன் பிறகு அந்த அச்சில் மெழுகு தடவி, கண்ணாடி நாரை வைத்து, ரெசின் ஊற்றி, தேய்த்து, வண்ணம் அடித்தது எல்லாம் நான். வெள்ளிப் பூச்சின் மேல் கறுப்பைப் பஞ்சால் ஒற்றி, சண்டையில் அடிபட்ட மாதிரி கீறல்கள் வரைந்தேன். நெஞ்சில் பிளவு தெரியக்கூடாது என்று ரித்திக் சொன்னதால் கவசம் முதுகில் திறக்கும். நான்கு கொக்கிகள். பின்னால் ஒருவர் நின்றால்தான் மூடவோ திறக்கவோ முடியும்.

நவம்பர் 23ஆம் தேதி பகல் ஒரு மணிக்குப் பேரங்காடியின் பொருளறைக்குப் போனோம். கவசம் போட வந்த நிதீஷுக்குத் தோளே நுழையவில்லை. அவர், "அங்கிள், இது பாப்பா சைஸ் லா. என் ஒரு காலுக்குத்தான் பத்தும்" என்று சிரித்தார். ரித்திக் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு ஷோ அங்கிள், லைன் எஸ்கலேட்டர் வரைக்கும் நிக்குது" என்றார். அதன் பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு மேடை வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். "மூஞ்சியா தெரியப்போகுது? சும்மா நில்லும்மா" என்றார். நான் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். இழுத்து மூடும்போது நடுவில் இரண்டு கொக்கிகள் பிடுங்கிக்கொண்டன. மாமா அந்த இடத்தில் நாரை மூன்று மடிப்பாக வைத்து ரெசினால் ஒட்ட ஆரம்பித்தார். மெழுகு தடவாமல் ஒட்டினால் பிரியாது என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். மெழுகு டப்பா துவாஸில் இருந்தது. "மாமா, மெழுகு இல்ல" என்றேன். "முடிஞ்சதும் வெட்டி எடுத்துக்கலாம்" என்றார். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் புட்டியின் மூடி கீழே கிடந்ததைப் பார்த்தேன். மூடியால் அளந்துதான் ஊற்றுவோம். அன்று அவர் புட்டியிலிருந்தே ஊற்றினார். அதிகம் விட்டால் சீக்கிரம் இறுகும், ஆனால் கொதிக்கும்.

தலைக்கவசம் போட்டபோது யாருக்கும் என் முகம் தெரியாது என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மேடை ஏறிச் சில நிமிடங்களில் முதுகு சூடாகியது. மாமா மேடையின் ஓரத்தில்தான் நின்றார். அவரிடம் போய், "மாமா, சுடுது, கழட்டுங்க" என்றேன். அவருக்குக் கேட்டது. ஏனென்றால் அவர் தலைக்கவசத்தின் காது ஓட்டையில் வாயை வைத்து, "இன்னும் பத்து நிமிஷம் லா, மானத்தை வாங்காத" என்று பதில் சொன்னார். அதன் பிறகு என் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

நான் இரண்டு கைகளையும் தூக்கினேன். கீழே இருந்த பிள்ளைகளும் கைகளைத் தூக்கினார்கள். நான் ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். உள்ளே ரெசின் வாடையில் மூச்சு முட்டியது. அதன் பிறகு விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. தீயணைப்பாளர்கள் ரம்பத்தால் அறுத்து எடுத்ததாகப் பிறகு சொன்னார்கள். முதுகெலும்பின் மேல் ஒரு முழம் வெந்திருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு வயசு கம்மி, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மாமாவை உள்ள போட்டா நாம மூணு பேரும் எங்கடி போறது?" என்றார். அன்றே அம்மா சொன்னபடி வாக்குமூலம் கொடுத்தேன்.

நானே ஒட்டினேன் என்பதைச் செய்து காட்டும்படி சார்ஜண்ட் இன்று கேட்டார். கையைப் பின்னால் கொண்டுபோனேன். ஒட்டிய இடத்துக்கு எட்டவில்லை. ஆனால் நான் உண்மையைச் சொல்ல முடிவு செய்தது அதற்கு முன்பே. திங்கட்கிழமை மாமா ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு என்னைப் பார்க்க வந்தார். ரித்திக் ஜனவரி நிகழ்ச்சிக்கு இன்னொன்று கேட்கிறாராம், அச்சு பத்திரமாக இருக்கிறதாம். நான் எப்போது எழுந்து நிற்பேன் என்று கேட்டார். இரண்டு மாதம் ஆகும் என்று தாதி சொன்னார். மாமா, அம்மாவோடு உட்கார்ந்திருந்த சிவானியை எழுந்து நிற்கச் சொல்லி, தோளை விரலால் சாண் போட்டுப் பார்த்தார். "இவளுக்கே சரியா இருக்கும்" என்றார். அம்மா பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் தொங்கும் என் அச்சை உடைத்துவிட முடியுமா என்று சார்ஜண்டிடம் கேட்டேன். அது சாட்சிப் பொருள், உடைக்கக்கூடாது, வழக்கு முடியும்வரை காவல்துறை பூட்டி வைத்திருக்கும் என்றார். பூட்டி வைத்தால் போதும் என்றேன். இதன் நகலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார். மேலே சொன்ன முகவரிக்கு வேண்டாம் என்றேன். வேறு முகவரி என்னிடம் இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் முந்தைய வாக்குமூலத்தை விட்டுவிட்டு இதையே உண்மையாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை என்னைச் சொல்லச் சொன்னவர் யாரும் இல்லை.

(ஒப்பம்) து. சுஷ்மிதா