பார்த்தெழுதிய கதை

— அந்தத் தறிய ஒருக்கா நிப்பாட்டுகா றம்லா. நான் என்ன சுவரோடயா கதைக்கன்?

— கேக்குது றாஹிலா ராத்தா. கால் மிதிச்சாத்தான் எனக்குக் காது கேக்கும். சொல்லுங்க.

— உன்ட கதை இதழில வராது. அதச் சொல்லத்தான் கல்முனையில இருந்து இந்த வெயிலுக்குள்ள மருதமுனைக்கு வந்தன்.

— அப்பிடியா? இரிங்க, இந்த அறுந்த நூல முடிஞ்சிட்டு வாறன்.

— கவலை இல்லையா உனக்கு?

— பாவு முழுக்க அறுந்தாத்தான் ராத்தா கவலை. ஒத்த நூல்தானே. ஏன் வராதாம்?

— நாலு பக்கம்தான் மிச்சம் கெடக்கு. ஒரு கதைக்குத்தான் இடம். உன்ட பாசையும் சரியில்ல. முழுக்க ஊர்ப்பேச்சு. 'ஓம்கா', 'மறுகா' எண்டெல்லாம் அச்சில வந்தா கொழும்பில வாசிக்கிறவன் சிரிப்பான்.

— என்ட கதையில வாற ஸைனம்பு வேற எப்பிடிக் கதைப்பா? றேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரியா?

— நக்கலடிக்காத. நாலு வருஷம் கம்பஸில தமிழ் படிச்சவள் நான். கதைக்கு ஒரு கட்டு வேணும், ஒரு நடை வேணும், விளங்குதா?

— மெய்தான் ராத்தா. எட்டாம் வகுப்போட தறியில ஏறினவளுக்கு நடை எங்கால? கால்மிதிதான் தெரியும். அப்ப அந்த நாலு பக்கத்தில ஆருட கதை வருது?

— என்டது.

— அல்ஹம்துலில்லாஹ். அந்த மழைக் கதையா?

— ஓம். ஏன் அப்பிடிக் கேக்காய்? மழைக் கதைக்கு என்ன கொறை?

— நான் ஒண்டும் சொல்லல்லையே. நல்ல கதை. எழுத்துப் பிழை ஒண்டுமே இல்ல.

— பாத்தியா, பாத்தியா! அவரும் அதத்தான் சொன்னாரு. 'வசனம் சுத்தமா இருக்கு, பிழை ஒண்டும் இல்ல' எண்டு. செத்தவன்ட மய்யித்தக் குளிப்பாட்டினவன் சொல்ற மாதிரி. உன்ட கதைய வாசிச்சுப்போட்டு ஒண்டுமே சொல்லல்ல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. மறுகா திரும்ப முதல் பக்கத்தில இருந்து வாசிச்சாரு. நான் முன்னால கதிரையில இருக்கன். எனக்குப் போட்ட தேத்தண்ணி ஆறிப்போச்சு.

— ஆரு, ஹமீட் மாஸ்டரா?

— வேற ஆரு? இதழுக்கு அவர்தானே ஆசிரியர்.

— துடைச்சவர் மறுகா ஏன் வேணாம் எண்டாரு?

— உன்ட கதையில வாற அந்தக் கசட் என்ட ஊட்டுக்குத்தான் முதல்ல வந்தது. தெரியுமா உனக்கு?

— தெரியும். ஸைனம்பு உங்கட மாமிட மகள்தானே. பக்கத்துத் தறியில இருந்து அவதான் சொன்னா. புருஷன் குவைத்தில இருந்து குரல் பதிஞ்சு அனுப்பினது. உங்கட கூடப்பிறந்த காக்காட்டத்தானே போட்டுக் கேக்கிற பெட்டி இரிக்கு.

— ஓம். எங்கட முன்மண்டபத்தில வெச்சுப் போட்டம். வாப்பா, காக்கா, சாச்சா, பக்கத்து ஊட்டுப் பொண்டுகள், எல்லாரும் சுத்தி இருக்காங்க. அந்த மனிசன் நாலு பேருக்கு ஸலாம் சொல்லிட்டு, 'உன்ட சிரிப்பு இன்னும் காதுக்குள்ள கெடக்கு' எண்டான். சாச்சா பெரிசாச் சிரிச்சாரு. ஸைனம்பு கதவு மூலையில முந்தானையக் கடிச்சிக்கு நிண்டாள். நான் பாத்தன். இந்தக் கண்ணாலதான் பாத்தன். பாத்துட்டு உள்ள போய்க் கதவப் பூட்டிக்கு மழையப் பத்தி எழுதினன்.

— ராத்தா...

— குறுக்க வராத! நீ பாக்கக்கூட இல்ல. அவ சொல்லக் கேட்டாய். அதுக்குப் புறகு உன்ட கதையில என்ன நடக்குது? அவ கசட்டை ஒருத்தரிட்டயும் குடுக்கல்ல. அதுக்குள்ள கெடந்த கறுத்தப் பட்டிய உருவி எடுத்து, நூலோட சேத்து ஒரு சாறிக் கரையில வெச்சு நெய்யிறா. இனி ஆரும் கேக்கேலாது. அவ மட்டும் உடுத்துவா. அது நடந்ததா?

— இல்ல.

— அப்ப எங்கால வந்திச்சு உனக்கு?

— முடிவு வரல்ல ராத்தா. பத்து நாளாத் தறியில இருந்து பொண்டுகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தன். ஒருத்தி கசட்டைக் கடல்ல எறி எண்டாள். இன்னொருத்தி புருஷனக் கொண்டுவந்து இறக்கு எண்டாள். எனக்கு ஒண்டும் பொருந்தல்ல. ஒருநாள் நூல் அறுந்து முடிச்சுப் போடக்குள்ள வந்திச்சு. எல்லாருக்கும் சத்தமாச் சொன்னன். எல்லாத் தறியும் நிண்டுபோச்சு. அப்பதான் சரி எண்டு தெரிஞ்சுது.

— என்ட உம்மா என்னக் குசினிப் பக்கமே விட்டதில்ல, தெரியுமா? 'புள்ள எழுதுது, சத்தம் போடாதீங்க' எண்டு கோழியக்கூட விரட்டுவா. மேசை வாங்கித் தந்தாங்க. விளக்கு வாங்கித் தந்தாங்க. எங்கட ஊரில கம்பஸுக்குப் போன முதல் பொம்புளப் புள்ள நான். உனக்கு ஆருகா கோழி விரட்டின?

— எங்கட கோழி தறிக்குக் கீழதான் ராத்தா படுக்கும்.

— சிரிப்பு வருதா உனக்கு? புத்தகம் தந்தது ஆரு? 'நீ நல்லாக் கதை சொல்றாய், எழுதிப் பாரன்' எண்டு கொப்பி தந்தது ஆரு? உன்ட கதையக் கொண்டுபோய் அவரிட்டக் குடுத்தது ஆரு?

— நீங்கதான். மறக்க மாட்டன்.

— ஏன் குடுத்தன் தெரியுமா? அவர் சிரிப்பாரு எண்டு. 'பாவம், தறிக்காரப் புள்ள, முயற்சி பண்ணட்டும்' எண்டு சொல்லுவாரு, நானும் பெரிய மனசோட தலையாட்டலாம் எண்டு. கண்ணாடியத் துடைப்பாரு எண்டு நான் நினைக்கல்ல.

— மறுகா?

— மறுகா என்ட வாய் தானாத் துறந்திச்சு. 'மாஸ்டர், இது ஒரு ரஷ்யக் கதையப் பாத்து எழுதினது, கம்பஸ் நூலகத்தில நான் வாசிச்சிருக்கன்' எண்டன்.

— ஓ.

— என்ன கதை, ஆரு எழுதினது எண்டுகூட அவர் கேக்கல்ல. 'படிச்ச புள்ள சொன்னாச் சரிதான்' எண்டுட்டு மூடி வெச்சாரு. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல, விளங்குதா?

— அதுக்குத்தான் வந்தீங்களா?

— இல்ல. பொய் சொல்ல மாட்டன். நீ அழுறதப் பாக்கத்தான் வந்தன். நீ அழுதா, நானும் உன்னக் கட்டிப்புடிச்சி அழுது, 'இன்னொண்டு எழுதுகா' எண்டு சொல்லிட்டுப் போயிருப்பன். நீ இருந்து நூல் முடியிறாய்.

— மாஸ்டர் இண்டைக்குக் காலையில இஞ்ச வந்தாரு.

— ஆரு? ஹமீட் மாஸ்டரா? இஞ்சயா?

— ஓம். சைக்கிள வேலியில சாத்திட்டு, நீங்க இருக்கிற அதே பலகையிலதான் இருந்தாரு. 'மெய்யச் சொல்லு புள்ள, இது நீ எழுதினதா?' எண்டு கேட்டாரு.

— நீ என்ன சொன்னாய்?

— இல்ல எண்டன்.

— உனக்கென்ன விசரா? ஏன்கா அப்பிடிச் சொன்னாய்?

— அவர்ர முகத்தப் பாத்தன். கேக்க முந்தியே முடிவெடுத்த முகம். தறிக்காரி எழுதினாள் எண்டுறத விட, தறிக்காரி களவெடுத்தாள் எண்டுறத நம்ப லேசு. என்ட கதை எண்டு நான் நிண்டா, சாட்சிக்கு ஆரக் கூப்பிடுற? உங்களயா?

— நான் வாறன். இப்பவே வா, போவம். நான் சொன்னது பொய் எண்டு அவர்ர முகத்துக்கு நேர சொல்றன். அந்தக் கதை குப்பைக்குப் போகப்படாது றம்லா. எனக்கு உன்னப் புடிக்கல்ல, ஆனா அந்தக் கதை குப்பைக்குப் போகப்படாது.

— குப்பைக்குப் போகல்ல. அவர் விடல்லையே. 'பாத்தெழுதினதெண்டா ஆரப் பாத்து? விட மனம் வருதில்ல புள்ள' எண்டு திரும்பத் திரும்பக் கேட்டாரு. ரஷ்யாக்காரன் எண்டா பேர் கேப்பாரு. எனக்குத் தெரிஞ்ச படிச்ச ஆள் ஒராள்தானே ராத்தா.

— றம்லா, என்ன சொல்லி வெச்சிரிக்காய்?

— 'சொந்தக்காரிட சங்கதி எண்டதால ராத்தாக்கு வெக்கம் மாஸ்டர். அதான் என்ட கையால பாத்தெழுத வெச்சா. மறுகா பயந்து உங்களுக்கு ரஷ்யக் கதை எண்டு பொய் சொல்லிட்டா' எண்டன். தொடையில அடிச்சிச் சிரிச்சாரு. 'நானும் நினைச்சன்' எண்டாரு. போகக்குள்ளயே நேர அச்சுக்கூடத்துக்குத்தான் போனாரு.

— அல்லாஹ்... அப்ப ஆருட பேர்ல வருது?

— உங்கட பேர்லதான். பின்னால பி.ஏ. எண்டும் போடச் சொன்னன். அடுத்த இதழுக்கும் இதே மாதிரி ஒண்டு கேட்டாரு, ராத்தா கட்டாயம் எழுதுவா எண்டு வாக்குக் குடுத்திட்டன்.